கர்ப்பப்பையை எடுக்க நாள் குறித்தார்கள், என்னிடம் கேட்காமலே

எனக்கு 42 வயது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். பிள்ளைகள் இரண்டு பேர் படிக்கிறார்கள். போன வருடம் என் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லி அட்மிஷன் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நேரத்தில் விவரம் சொல்ல எனக்கு ஒருத்தர்கூட இல்லை. அம்மா பயந்தார், அத்தை அவசரப்படுத்தினார், வீட்டுக்காரர் போனில் என்ன சொல்வதென்று தெரியாமல் தவித்தார். இதே நிலையில் இன்றைக்கும் எத்தனையோ பெண்கள் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாதவிடாய் வந்தால் பத்து நாளைக்கு மேல் நிற்காமல் போக ஆரம்பித்தது. கட்டி கட்டியாகப் போகும். ராத்திரி இரண்டு தடவை எழுந்து நாப்கின் மாற்ற வேண்டும். ஆபீஸில் நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் பின்னால் கறை பட்டிருக்குமோ என்று சேலையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஊரில் பெயரெடுத்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு அம்மாவோடு போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 7.4. கர்ப்பப்பைச் சுவரில் 4 சென்டிமீட்டரில் ஒரு நார்க்கட்டி, அதாவது ஃபைப்ராய்டு.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "ரெண்டு பிள்ளை இருக்குல்லம்மா? இனிமே அது எதுக்கு? எடுத்துப் போட்டுட்டா தொல்லை விட்டுச்சு. வச்சிருந்தா பின்னாடி கேன்சர்ல கொண்டுபோய் விடும்." என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று. இருக்கிறது, ஆனால் எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது என்றேன். அப்படியானால் கையிலிருந்து கட்ட வேண்டிவரும் என்று வெளியே கவுண்டரில் சொன்னார்கள். அது உண்மைதான். நிறைய பாலிசிகளில் ஃபைப்ராய்டுக்கும் கர்ப்பப்பை அறுவைக்கும் முதல் 2 வருடம் பணம் தர மாட்டார்கள். உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தை இப்போதே எடுத்துப் படித்து வையுங்கள். பேக்கேஜ் 65,000 ரூபாய், அட்வான்ஸ் 10,000 கட்டினால் வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார்கள்.

கேன்சர் என்ற சொல் காதில் விழுந்தபிறகு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க, பெரியவளுக்கு இன்னும் பதினெட்டுகூட ஆகவில்லையே என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டால், "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும், பணத்தைப் பத்தி யோசிக்காத" என்றார். அத்தை, "எனக்கும் முப்பத்தஞ்சு வயசுலயே எடுத்துட்டாங்க, இது என்ன பெரிய விஷயமா" என்றார். எங்கள் தெருவில் எண்ணிப் பார்த்தால் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அதனாலேயே யாருக்கும் இது ஒரு கேள்வியாகத் தோன்றவில்லை. என் அண்ணன் மனைவி, மதினி மட்டும்தான், "எடுத்தப்புறம் எனக்கு இடுப்பு வலியும் உடம்பெல்லாம் காந்தலுமா கெடந்துச்சு, எதுக்கும் நல்லாக் கேட்டுக்க" என்றார்.

பணத்தைக் கட்டிவிட்டு புதன்கிழமை சாயங்காலம் போய்ப் படுத்தேன். டிரிப்ஸ் ஊசி கையில் ஏறியாகிவிட்டது. சிஸ்டர் ஒரு அட்டையில் செருகிய தாள்களைக் கொண்டுவந்து, பேனாவையும் திறந்து கொடுத்தார். முழுக்க இங்கிலீஷ். அச்சடித்த வரிகளுக்கு நடுவில் நிறைய இடம் காலியாக இருந்தது. ஆபரேஷன் பெயர் எழுதுகிற இடத்தில் மட்டும் பால்பாயின்ட் பேனாவால் "டிஏஹெச் பிளஸ் பிஎஸ்ஓ" என்று எழுதியிருந்தது. டிஏஹெச் என்றால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுப்பது. கீழே இரண்டு கையெழுத்துக்கு எக்ஸ் குறி போட்டிருந்தார்கள். கணக்கு எழுதுகிறவளுக்குக் காலி இடம் விட்ட தாளில் கையெழுத்துப் போட வராது. பிளஸ் போட்டு என்னமோ எழுதியிருக்கே, அது என்ன என்று கேட்டேன். "அதுவா, ரெண்டு பக்கச் சினைப்பையும் சேத்து எடுக்கிறதுக்கா. எல்லாருக்கும் போடுறதுதான்" என்றார் அந்தப் பெண். அவருக்கு இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

சினைப்பை பற்றி அதுவரைக்கும் எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் சினைப்பை இரண்டும் நன்றாக இருப்பதாகத்தான் இருந்தது. எதற்கு எடுக்க வேண்டும் என்று டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பெரிய டாக்டர் முடிவு செய்தது, காலையில் அவரிடமே கேளுங்கள், இப்போது கையெழுத்தைப் போடுங்கள் என்றார். கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்றேன். குரல் உயர்ந்தது. தியேட்டர் புக் பண்ணியாச்சு, மயக்க மருந்து டாக்டர் திருநெல்வேலியிலிருந்து வருகிறார், உங்கள் ஒருத்தருக்காக எல்லாரும் காத்திருக்க முடியாது என்றார்கள். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். வார்டில் இருந்த மற்றவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். உடம்பு நடுங்கியது, ஆனாலும் கையெழுத்துப் போடாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கடைசியில், என் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். "எனக்குச் சினைப்பை அகற்றுவது பற்றி விளக்கப்படவில்லை, வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன்" என்று தமிழிலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டேன். அதை மொபைலில் படமும் எடுத்துக்கொண்டேன். உங்களுக்கும் இப்படி ஒரு நிலை வந்தால் அவர்கள் சொல்கிற வாசகத்தை அப்படியே எழுத வேண்டியதில்லை. நடந்த காரணத்தை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்.

கட்டிய 10,000-ல் 3,200 திரும்பி வந்தது. ரூம் வாடகை, தியேட்டர் தயாரிப்பு, மருந்து என்று மீதிக்கு பில் போட்டார்கள். அதற்கு முன்பு எடுத்த டெஸ்டுகள், ஸ்கேன், ஆட்டோ, சம்பளத்தில் பிடித்தது எல்லாம் சேர்த்தால் 15,000 ரூபாய்க்குப் பக்கத்தில் போனது. எங்கள் வீட்டுக்கு அது சின்னவனின் ஸ்கூல் ஃபீஸ். அதைவிட, வீட்டுக்கு வந்தபிறகு உறவுக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் தாங்க முடியவில்லை. பெரிய படிப்புப் படித்த டாக்டரைவிட உனக்குத் தெரியுமோ என்று கேட்காதவர்கள் இல்லை.

அதற்கப்புறம்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். சமீரா கோலி என்ற டெல்லிப் பெண்ணின் வழக்கு எனக்காகவே நடந்ததுபோல் இருந்தது. 1995-ல் அவருக்கு 44 வயது, கல்யாணம் ஆகாதவர். நிற்காத உதிரப்போக்குக்காகப் போனவரிடம், வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குக் கையெழுத்து வாங்கினார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயது வந்த ஒருவருக்காக, அவர் கொஞ்ச நேரம் மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக, அம்மாவோ வேறு யாரோ சம்மதம் தர முடியாது. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, ஒரு சிகிச்சைக்கு வாங்கிய சம்மதத்தை வைத்து இன்னொன்றைச் செய்யக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தச் சம்மதமும் வெறும் கையெழுத்தாக இருந்தால் போதாது. என்ன செய்யப் போகிறார்கள், எதற்காக, வேறு வழி இருக்கிறதா, என்னென்ன ஆபத்து, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்கு விளக்கியிருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்த நஷ்ட ஈடு 25,000 ரூபாய்தான். 13 வருடம் கழித்து வந்த அந்தத் தொகையைப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்தது. ஆனால் அவர் விடாமல் நடத்திய வழக்கினால்தான் இன்றைக்கு நாம் எடுத்துக் காட்ட ஒரு தீர்ப்பு இருக்கிறது.

வீட்டுக்காரர் கையெழுத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளில், குழந்தை பெற முடியாமல் போகக்கூடிய அறுவைக்குக் கணவன், மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதனால் ஆஸ்பத்திரியில் கணவர் கையெழுத்துக் கேட்டால் அதற்கு ஒரு ஆதாரம் இல்லாமல் இல்லை. என் உடம்புக்கு இன்னொருவர் கையெழுத்து எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது, அது வேறு விஷயம். ஆனால் அந்த விதிப்படியே பார்த்தாலும் கணவர் கையெழுத்து உங்கள் கையெழுத்தோடு சேர வேண்டியது. உங்கள் கையெழுத்துக்குப் பதிலாக அது வர முடியாது. அவர் சரி என்று சொல்லிவிட்டார் என்பதால் நீங்கள் சரி சொன்னதாக ஆகிவிடாது.

அதே 2002 விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். நான் இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் போய், ஒரு வெள்ளைத்தாளில் கேட்டு எழுதி, அதன் நகலில் ஆஸ்பத்திரி முத்திரை வாங்கிக்கொண்டேன். வாயால் கேட்டபோது "நாளைக்கு வாங்க" என்று இழுத்தவர்கள், முத்திரை போட்டபிறகு மறுநாளே கேஸ் ஷீட் ஜெராக்ஸையும் ஸ்கேன் ஃபிலிமையும் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு டாக்டரைப் பார்க்கப் போகும்போது இந்தத் தாள்கள் கையில் இருந்தால் எல்லா டெஸ்டையும் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியிருக்காது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான், அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் அடுத்துப் போனேன். விடியற்காலை பஸ் பிடித்து, ஓபி சீட்டு வாங்கி, மத்தியானம் வரைக்கும் வரிசையில் நின்றேன். கூட்டம், வெக்கை, உட்கார இடம் கிடையாது, எல்லாம் உண்மைதான். ஆனால் என்னைப் பார்த்த டாக்டரம்மா என்னிடம் பேசினார். ஓபி சீட்டைத் திருப்பிப் போட்டு, பேனாவால் கர்ப்பப்பையை வரைந்து, கட்டி இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போட்டார். கட்டி சுவருக்குள்தான் இருக்கிறது, உள்ளறைக்குள் துருத்திக்கொண்டு வரவில்லை என்று காட்டினார். ஃபைப்ராய்டு கேன்சராக மாறுவது மிக மிக அரிது, அதற்காகப் பயந்து எடுக்க வேண்டாம் என்றார். "ஆனா நாப்பது தாண்டி இவ்வளவு படுதுன்னா உள்ள இருக்கிற சவ்வை டெஸ்ட் பண்ணாம விடக்கூடாது. உங்களுக்கு அதை யாரும் பண்ணலியே" என்று கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். கேன்சர் வரும் என்று பயமுறுத்தியவர்கள் கேன்சருக்கான அந்தப் பரிசோதனையையே செய்யவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மெல்லிய குழாய் விட்டுக் கொஞ்சம் திசு எடுத்தார்கள். வலித்தது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. தைராய்டும் பார்த்தார்கள். திசு ரிப்போர்ட் வரும்வரை ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. கடைசியில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று வந்தது.

அப்புறம் அவர் எனக்கு வழிகளைச் சொன்னார். ஹீமோகுளோபின் குறைவுக்கு முதலில் இரும்புச்சத்து ஊசி. ரத்தப்போக்கைக் குறைக்க அந்த நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை. ஹார்மோன் மாத்திரைகள். காப்பர் டி மாதிரியே உள்ளே வைக்கும், ஆனால் ஹார்மோனை மெல்லக் கசியவிடும் ஒரு சாதனம். ஒரு தடவை வைத்தால் 5 வருடம் வேலை செய்யும். கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை. கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைக்கும் சிகிச்சை, அது பெரிய ஆஸ்பத்திரிகளில்தான். கடைசியாகக் கர்ப்பப்பையை எடுப்பது. ஒவ்வொன்றிலும் நல்லது என்ன, கஷ்டம் என்ன என்று சொல்லிவிட்டு, "வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க, அவசரம் இல்ல" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். சினைப்பை பற்றியும் கேட்டேன். மாதவிடாய் தானாக நிற்பதற்கு முன்பே நல்ல சினைப்பைகளை எடுத்தால் உடம்பில் ஹார்மோன் ஒரே நாளில் நின்றுபோகும், காந்தலும் தூக்கமின்மையும் வரும், எலும்பு சீக்கிரம் தேயும், இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும் என்றார். சிலருக்குப் பரம்பரையாகப் புற்றுநோய் ஆபத்து இருந்தாலோ சினைப்பையிலேயே நோய் இருந்தாலோ எடுக்கத்தான் வேண்டும். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. மதினியின் இடுப்பு வலிக்கும் காந்தலுக்கும் இதுதான் காரணமோ என்று நினைத்தேன். அவருக்குச் சினைப்பையும் சேர்த்து எடுத்தார்களா என்று அவருக்கே தெரியாது. டிஸ்சார்ஜ் தாளும் இல்லை.

நான் ஹார்மோன் சாதனத்தைத் தேர்ந்தெடுத்தேன். வெளியே வாங்கியதில் 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் ஆனது. வைத்ததும் எல்லாம் மாயமாகச் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் சில மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருந்தது, எரிச்சலாக வந்தது, எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். இப்படி இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால்தான் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இப்போது மாதத்துக்கு இரண்டு நாள் லேசாகப் படுகிறது, அவ்வளவுதான். ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டிவிட்டது. கட்டி அப்படியேதான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கர்ப்பப்பையை எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. என்னோடு வரிசையில் நின்ற ஒரு அக்காவுக்குப் பெரிய பெரிய கட்டிகள், மாத்திரையும் கேட்கவில்லை, எல்லாம் விசாரித்துவிட்டு எடுத்துக்கொண்டார், சினைப்பையை மட்டும் விட்டுவிடச் சொல்லி. இன்றைக்கு நிம்மதியாக இருக்கிறார். அது அவர் தெரிந்து எடுத்த முடிவு. எல்லாப் பெண்களுக்கும் அப்படி அமைவதில்லை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது 2019-ல் வெளியே வந்தது. மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலியில் அபராதம் பிடிப்பார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் நடந்த இதே அறுவைகள் பற்றிய பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் 3 மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த நெறிகளின்படி இந்த அறுவைகளைக் கண்காணிக்க மாவட்டம் வரைக்கும் குழு இருக்க வேண்டும். இதையெல்லாம் படித்தபிறகு எங்கள் தெருவில் நான் எண்ணிய எண்ணிக்கை எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

நாளைக்கு உங்களிடம் யாராவது எடுத்துவிடலாம் என்று சொன்னால், அந்த இடத்திலேயே தலையாட்ட வேண்டாம். இப்போதே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்தா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. சவ்வுப் பரிசோதனை செய்தார்களா, எடுக்காமல் வேறு என்ன செய்யலாம், சினைப்பையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அட்வான்ஸ் கட்டும் முன்பே, வேண்டாம் என்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். சம்மதப் படிவத்தை ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி டிரிப்ஸ் ஏறிய கையோடு பார்க்காமல், இரண்டு நாள் முன்பே தமிழில் கேட்டு வாங்குங்கள். தமிழில் இல்லை என்றால் படித்து விளக்கச் சொல்லுங்கள், காலி இடத்தை நிரப்பச் சொல்லுங்கள், உங்களுக்குச் சம்மதம் இல்லாததை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். துணைக்கு வருகிறவர் பயப்படாத ஆளாக இருந்தால் நல்லது. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை, தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே அது இருக்கிறது. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள்.

அதே சமயம் இதைப் படித்துவிட்டு, ஆபரேஷன் வேண்டாம் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு தொடர்ந்து போனாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு அப்புறம் ஒரு துளி பட்டால்கூட, உடலுறவுக்குப் பின் ரத்தம் பட்டால், துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால், வயிறு திடீரென்று பெருத்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போகிறவர்கள் பழைய ரிப்போர்ட் அத்தனையும், கடைசி மூன்று மாதம் மாதவிடாய் வந்த தேதிகளையும், ஆதார் கார்டையும் எடுத்துக்கொண்டு காலை 7 மணிக்கெல்லாம் ஓபி வரிசையில் நின்றுவிடுங்கள். சாப்பாடும் தண்ணியும் கையில் கொண்டுபோங்கள்.